கடலுக்குப் போட்ட கையெழுத்து

பெங்களூரு
6.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

ஜெர்லின் எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு இந்த ஊர்க் குளிர் ஆகவில்லை, பகலிலும் சுவெட்டரைக் கழற்றுவதில்லை. உங்கள் காது எப்படி இருக்கிறது? இடது காதிலாவது கொஞ்சம் சத்தம் விழுகிறதா? முங்கி முங்கி இரண்டையும் கடலுக்கே கொடுத்துவிட்டீர்களா? உங்களோடு போனில் பேச முடியாமல் போனதில் எனக்கு ஒரே லாபம் இந்தக் கடிதங்கள்தான். ஜெபஸ்டின் மச்சான் போனுக்கு மெசேஜ் அனுப்பலாம். ஆனால் "உன் மெசேஜ் என் கைக்கு வருவதற்குள் படகுத்துறையே படித்துவிடுகிறது" என்று நீங்கள் சண்டை போட்ட பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரி தினம் ஒரு ஆன்லைன் மனு அனுப்புவாள். எங்கோ ஒரு யானையைச் சங்கிலியிலிருந்து விடுவிக்க, எங்கோ ஓர் ஏரியைத் தூர்வார. பேரை அடித்து, பொத்தானை அழுத்தினால் கையெழுத்துப் போட்டதாகிவிடும். நான் இதுவரை அறுபதுக்கு மேல் போட்டிருப்பேன். "ஒண்ணாச்சும் நடந்துச்சா?" என்று அம்மா கேட்கிறாள். அந்த யானை என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் போன வாரம் வந்த மனு நம் கடலுக்கானது. நம் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிக் கடலடியை அழிக்கிறார்களாம், அதைத் தடுக்கச் சொல்லி. நம் ஊர்ப் பேரைப் பெங்களூரில் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போட்டேன், தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். முப்பதாயிரம் பேர் தாண்டிவிட்டார்கள். இந்த ஒன்றாவது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
ஜெர்லின்


மரியே வாழ்க
பாம்பன் வழி
15.1.2025

அன்புள்ள மருமகள் ஜெர்லினுக்கு,

அத்தை ஜோதிமேரி எழுதிக்கொள்வது. மாதா கிருபையில் நானும் ஜெபஸ்டினும் நலம். பொங்கலுக்கு நீ வராததால் உன் பங்கையும் அவனே தின்றான். உன் அம்மாவை வெந்நீரில் குளிக்கச் சொல். என் காதைக் கேட்டாயே, வலதில் ஒன்றும் இல்லை, இடதில் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு இரைச்சல். கடலுக்குள் முங்கும்போது மட்டும் அது அடங்கிவிடுகிறது.

விரலை அழுத்தினால் கையெழுத்தா? எங்கள் ஊரில் அதற்குக் கைநாட்டு என்று பெயர். உன்னை எம்.சி.ஏ. படிக்க வைத்தது கைநாட்டு வைக்கவா? போகட்டும், நம் கடலுக்காக வைத்தாய், அதனால் உன்னை மன்னித்தேன். ரெண்டு விசைப்படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடி வலைக்காரர்கள் அடியோடு வழித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களை நிறுத்தச் சொல்லி, கடல்பாசி எடுக்கிற எங்கள் பெண்கள் சங்கமும் நாலு முறை கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டது. மனுவை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுத் தருவார்கள். உன் முப்பதாயிரம் பேருக்காவது சீட்டைத் தாண்டி ஏதாவது கிடைக்கிறதா பார்ப்போம்.

போன அமாவாசைக்கு நல்ல பாசி. வாவு முகம்மது வள்ளத்தில் முப்பத்தெட்டுப் பேரும் தீவுக்குப் போனோம். மரிக்கொழுந்துப் பாசியை வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ள வேண்டும் என்று புதிதாக வந்த பெண்களுக்குத் தண்ணீருக்குள்ளேயே கையைத் தட்டிச் சொல்லிக் கொடுத்தேன். கரைக்கு வந்தால் நான் சொல்வது யாருக்கும் ஏறாது. மாசத்தில் பன்னிரண்டு நாள்தான் போவது என்று நாங்களே வைத்த கட்டுப்பாடு, அதையும் இந்த முறை யாரும் மீறவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அத்தை


மரியே வாழ்க
பாம்பன் வழி
9.2.2025

அன்புள்ள ஜெர்லினுக்கு,

நீ சுகமா? நீ பதில் எழுதுவதற்குள் நானே எழுதுகிறேன்.

போன வாரம் வனத்துறைக்காரர்கள் எங்கள் வள்ளத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தீவுக்குப் போகிற வழியில் மறித்து, "இனிமே பாசி எடுக்க யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது, வந்தா வள்ளத்தப் பிடிச்சிருவம்" என்றார்களாம். அவர்கள் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது, ஆனால் நம்பவில்லை. பக்கத்தில் இருந்த கனகலட்சுமியைக் கிள்ளிக் கேட்டேன். அவள் அழுதாள், அப்போதுதான் புரிந்தது. மறுநாள் படகுத்துறையில் போர்டும் வைத்துவிட்டார்கள். எதிரே இரட்டைமடிப் படகு ஒன்று ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வயதிலிருந்து முங்குகிறேன். நாற்பது வருஷத்தில் புயலுக்கு நின்றிருக்கிறேன், பிள்ளைப்பேற்றுக்கு நின்றிருக்கிறேன், உன் அப்பா இறந்தபோது நின்றிருக்கிறேன். போர்டுக்கு நின்றது இதுதான் முதல் தடவை. சங்கத் தலைவி என்று முப்பத்தேழு பேரும் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடலுக்காகக் கையெழுத்துப் போட்ட முப்பதாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று எழுதினாயே, அவர்களிடம் சொல். கடலைக் காப்பாற்றுகிறவர்கள் கடலில் இருக்கிறவர்களையும் காப்பாற்ற மாட்டார்களா? சீக்கிரம் எழுது.

அத்தை


பெங்களூரு
3.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆபீஸில் வேலை அதிகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. மச்சானுக்கு வேலை எப்படிப் போகிறது?

போர்டு எந்தத் தேதியில் வைத்தார்கள் என்று சரியாகத் தெரியுமா? ஜனவரியிலா, பிப்ரவரியிலா? யார் கேட்டதால் வைத்தோம் என்று அதில் ஏதாவது எழுதியிருந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

நீங்கள் காதுக்கு மருந்து விடுகிறீர்களா? விடுங்கள்.

ஜெர்லின்


மரியே வாழ்க
பாம்பன் வழி
12.3.2025

அன்புள்ள ஜெர்லினுக்கு,

இங்கே சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். தவக்காலம் வேறு. சங்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் இந்த வருஷம் சாமி சொல்லாமலே ஒரு சந்தி, ஒருவேளைச் சோறுதான்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வெயில் இருக்கிறது, முழங்கால் இருக்கிறது, நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. உனக்கு ஆபீஸில் ஏதும் கஷ்டமா? யாரையாவது பிடித்திருக்கிறதா? எதுவானாலும் அத்தையிடம் சொல்லலாம். காது கேட்காதவளிடம் சொன்ன ரகசியம் வெளியே போகாது.

போர்டு வைத்தது பிப்ரவரி மூன்றாம் தேதி. யார் கேட்டது என்று அதில் இல்லை. ஆனால் வைக்க வந்தவர், "மக்களே கேட்டுக்கிட்டாக, நாங்க என்ன செய்ய" என்றாராம். எந்த மக்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை. கரையில் மீன்காரர்களும் கேட்கவில்லை. மக்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்?

எங்கள் சங்கத்துப் பிரெசில்லா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்கிறாள். கட்டுமரத்திலிருந்து நேரே பாய்கிறவள், நாலு சுவருக்குள் எப்படி இருப்பாள்? போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் விரல்களைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பாறை கீறாமல் துணி சுற்றுவோமே, அந்த வேலை இல்லாமல் கீறலெல்லாம் ஆறி, டீச்சர் விரல் மாதிரி ஆகிவிட்டன. எனக்கு அது பிடிக்கவில்லை.

அத்தை


பெங்களூரு
28.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். யாரையும் பிடிக்கவில்லை, அப்படி ஒன்றும் இல்லை.

நானே ஒரு மனு தொடங்கியிருக்கிறேன். "பாசி எடுக்கும் பெண்களைக் கடலுக்கு விடுங்கள்" என்று தலைப்பு. பன்னிரண்டு நாள் கட்டுப்பாடு, வேரை விட்டுக் கிள்ளுவது எல்லாம் எழுதியிருக்கிறேன். மூன்று வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டிருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு பேர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் நான் முன்பு கடல் மனுவை அனுப்பி, அதில் போட்டவர்கள். பக்கத்து இருக்கைக்காரியிடம், "ரெண்டையும் படித்தாயா?" என்று கேட்டேன். "ரெண்டும் கடலுக்குத்தானே? நீ அனுப்பினால் நல்லதாகத்தான் இருக்கும்" என்கிறாள். அதிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது.

பிரெசில்லா அக்காவைப் போக விடாதீர்கள். இந்த எண்ணிக்கை ஏறட்டும்.

ஜெர்லின்


மரியே வாழ்க
பாம்பன் வழி
10.4.2025

ஜெர்லினுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

திங்கட்கிழமை மனுவோடு ஒன்பது பேர் போனோம். ஒரு ஆபீஸ்காரர், "இது ரெண்டு வருசத்துக்கு முந்தின உத்தரவு, இப்பத்தான் அமலுக்கு வருது. ஆன்லைன் மனுவ எல்லாம் யாரு பாக்குறா" என்றார். அடுத்த மேசைக்காரர், "அதெப்படி, மக்கள் கேட்டதாலதான வந்துச்சு" என்று கோப்பைத் திறந்தார். அவர்கள் ரெண்டு பேரும் எங்கள் முன்னாலேயே வாதாடினார்கள். கனகலட்சுமி எனக்குச் சாடையில் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு அந்த ரெண்டாம் ஆள் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் மட்டும் காட்டினார்.

மற்றதை எழுதக் கை வரவில்லை. பிரெசில்லா போய்விட்டாள்.

அத்தை


பெங்களூரு
30.4.2025

அன்புள்ள அத்தைக்கு,

ஈஸ்டருக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்ல வரவில்லை. சொல்ல வேண்டிய ஆள் அவர் இல்லை.

ஜனவரியில் நான் போட்ட மனு உங்களைத் தடுக்கச் சொல்லித்தான் அத்தை.

நான் முழுதாகப் படிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். படித்தேன். "தீவுகளைச் சுற்றி மேக்ரோ ஆல்கே அறுவடையைத் தடை செய்க" என்று இருந்தது. மேக்ரோ ஆல்கே என்றால் கப்பல் வைத்து எடுக்கிற ஏதோ ஒரு கம்பெனிச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன். அது பாசி. நம் வீட்டு முற்றத்தில் காயுமே, நான் அதன் மேல் புத்தகப் பையைப் போட்டு உங்களிடம் அடி வாங்குவேனே, அந்தப் பாசி. அதை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தீர்கள். அந்தப் படிப்பு அந்த வார்த்தையை எனக்குக் காட்டிக் கொடுக்கவில்லை. உங்கள் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றுதான் தேடிப் பார்த்தேன்.

இன்னும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ஏன் போடுகிறோம் என்று ஒரு வரி எழுதலாம். "என் அத்தை வாழும் கடல் இது. அவருக்காகப் போடுகிறேன்" என்று எழுதினேன். அது எல்லாருக்கும் பிடித்துப்போய், மனுவின் உச்சியிலேயே அதை வைத்துவிட்டார்கள். அதைப் படித்துவிட்டுப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

பிப்ரவரியில் அவர்களிடமிருந்து மெயில் வந்தது. "வெற்றி. நாற்பத்தோராயிரம் பேரும் சேர்ந்து சாதித்துவிட்டோம்" என்று. அறுபது மனுவில் எனக்கு வந்த ஒரே வெற்றி அதுதான். ஆனால் உங்கள் ஆபீஸ்காரர் இது பழைய உத்தரவு என்கிறார். அப்படியென்றால் என்னால் ஒன்றும் நடக்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டுகிறேன். அப்படி வேண்டும்போதே, ஆன்லைன் மனுவால் ஒன்றும் நடக்காது என்றால் நான் இப்போது உங்களுக்காகத் தொடங்கிய மனுவும் வீண்தானே என்று தோன்றுகிறது. மனுவால் நடக்கும் என்றால் உங்களைக் கரையேற்றியது நான். நடக்காது என்றால் உங்களைத் திரும்பக் கடலுக்கு அனுப்ப என்னிடம் வேறு வழி இல்லை. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஜெபத்தைப் பாதியில் நிறுத்துகிறேன்.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஜெர்லின்


மரியே வாழ்க
பாம்பன் வழி
5.6.2025

அன்புள்ள என் மருமகள் ஜெர்லினுக்கு,

அத்தை எழுதுவது. உடம்பு சுகம். மனது சுகமில்லை. ஒரு மாதம் எழுதாமல் இருந்தது உன் மேல் கோபத்தில் இல்லை. முதல் ரெண்டு நாள் கோபம்தான், பொய் சொல்லவில்லை. கடிதத்தைக் கசக்கி அடுப்படியில் எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன்.

அந்த ஆபீஸ்காரர் காட்டிய தாளைப் பற்றி எழுதுகிறேன். பாசி எடுப்பதைத் தடுக்கச் சொல்லிக் கேட்ட தாளாம் அது, அதில் முப்பத்தெட்டுக் கையெழுத்து இருந்தது. முதல் கையெழுத்து ஜோதிமேரி. என் கையெழுத்துத்தான், 'ரி'யின் சுழி நான் போடுகிற மாதிரியே மேலே போய் வளைந்திருந்தது.

போன வருஷம் புரட்டாசியில் கேமராவோடு நாலு பேர் வந்தார்கள். நாங்கள் முங்குவதைப் படம் எடுத்தார்கள். நீந்த வசதியாகக் காலில் தட்டுக் கட்டுவதை, மூட்டை தூக்குவதை எல்லாம் எடுத்தார்கள். போகும்போது இங்கிலீஷில் ஒரு தாளைக் கொடுத்து, "கடலக் காப்பாத்தத்தான், எல்லாரும் போடுங்க" என்றார்கள். அதைக் கனகலட்சுமி எனக்குச் சாடையில் சொன்னாள். கடலைக் காப்பாற்ற என்றால் இரட்டைமடியை நிறுத்தத்தான் என்று நான் நினைத்தேன். எங்களுக்குக் கடலைக் கெடுக்கிறவன் என்றால் அவன்தான், வேறு யார் மனதில் வருவார்கள்? "படிச்சுப் பாக்க ஆளில்லயே" என்று ரெண்டு மூன்று பேர் தயங்கினார்கள். "நல்லதுக்குத்தான், போடுங்கடி" என்று அதட்டி, ஒவ்வொருத்தியிடமும் நானே பேனாவைக் கொடுத்தேன். பிரெசில்லாவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றேன், அவள் என் முதுகில் தாளை வைத்துத்தான் போட்டாள்.

நீ விரலால் போட்டாய், நான் பேனாவால் போட்டேன். நீ முன்பின் தெரியாதவர்களைப் போட வைத்தாய். நான் என் கூட முங்குகிறவர்களைப் போட வைத்தேன். உன்னைத் திட்ட எனக்கு எங்கே இடம்? அது உன் மனுவால் நடந்ததா, எங்கள் தாளால் நடந்ததா, ரெண்டும் இல்லாமல் பழைய உத்தரவால் நடந்ததா? படுத்தால் இதுதான் ஓடுகிறது. இடது காதின் இரைச்சல்கூட இதற்குத் தேவலை.

சங்கத்தில் யாருக்கும் இது தெரியாது. "மக்கள் கேட்டாகளாம், எவ கேட்டா, எவன் கேட்டான்" என்று இன்னமும் அவர்கள் திட்டுகிறபோது நானும் கூடச் சேர்ந்து தலையாட்டுகிறேன். இனி முடியாது. பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் போட்டிருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் அதற்கு முந்தின நாள் முடிகிறது. எல்லா விசைப்படகும் கடலுக்குப் போகும், நாங்கள் மட்டும் போக மாட்டோம். அன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

காது கேட்காதவளுக்கு ஒரு சௌகரியம், அவர்கள் திட்டுவது கேட்காது. ஆனால் அப்படித் தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை. நீ வா. என் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதை எழுதிக் காட்டு. எனக்கு வலிக்கும் என்று ஒன்றையும் குறைக்காதே. உன் பங்கை நீயும் சொல்லிவிடு.

உன் அம்மாவுக்கு என் அன்பு.

அத்தை


15.6.2025
மாதா கோவில் வாசல்

அத்தை,

இன்றைக்குச் சுகம் விசாரிக்க வேண்டியதில்லை, உங்கள் முழங்கை என்னை இடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நோட்டை உங்கள் மடியில் வைத்தே எழுதுகிறேன். நீங்கள் பேசி முடித்தீர்கள். நானும் என்னுடையதைச் சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு அம்மா, பெயர் தெரியவில்லை, பச்சைச் சேலை: "நம்பித்தான போட்டம். ஜோதி சொன்னா தப்பிருக்காதுன்னுதான போட்டம்."

வாவு முகம்மது மாமா: "என் வள்ளம் தைக்குப் பெறகு தண்ணியப் பாக்கல. அல்லா மேல ஆணையா, யாரோ வெளியூர்க்காரன் செஞ்ச வேலன்னு நெனச்சிருந்தேன்."

பிரெசில்லா அக்காவின் அம்மா: "என் மக திருப்பூருல நின்னுக்கிட்டே வேல பாக்குறா, காலு வீங்கிப் போச்சு. இவுக முதுகுல வச்சுத்தான் போட்டாளாம்ல. இனி இவுக வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்." நீங்கள் குறைக்க வேண்டாம் என்றதால் அப்படியே எழுதுகிறேன்.

பச்சைச் சேலை அம்மா என்னிடம்: "படிக்காதவ போட்டா ஏமாந்துட்டான்னு சொல்லலாம். படிச்சவ போட்டா என்னன்னு சொல்லுறது?"

"அந்த மனுவுலருந்து ஒம் பேர எடுத்துரு" என்கிறார் ஒருவர். முயற்சி செய்தேன், வெற்றி பெற்ற மனுவிலிருந்து பேரை எடுக்க வழியில்லை என்று எழுதிவிட்டார்கள் என்றேன். இதற்கு ரெண்டு பேர் சிரித்தார்கள். ஏன் என்று தெரியவில்லை.

இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், பிடித்த வரைக்கும் எழுதுகிறேன். "திங்கக்கெழம முப்பத்தெட்டு பேரும் போயி நிப்பம்." "நாலு தடவ போனமே, சீட்டுத்தான வந்துச்சு." "அப்ப இந்தப் புள்ள போட்ட மனுவுலயே எல்லாரும் போடுவம்." "போதுமடி, போட்டதெல்லாம் போதும்." "போடாட்டி மட்டும் கடலுக்கு விட்டுருவாகளாக்கும்."

கனகலட்சுமி அக்கா எல்லாரையும் அமர்த்திவிட்டு என்னைக் கேட்கிறார்: "ஏத்தா, அறுபது மனுவுல போட்டவ நீ. போட்டா நடக்குமா, நடக்காதா? ஒண்ணச் சொல்லு. நாங்க அதன்படி செய்யிறம்."

அத்தை, எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

(இதற்குக் கீழே அத்தையின் கையெழுத்தில்:)

தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்துதான் நாம் ரெண்டு பேரும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். தெரியாது என்று சொல்.

(மறுபடி ஜெர்லின்:)

சொல்லிவிட்டேன் அத்தை. யாரும் எழுந்து போகவில்லை.